கேஷ் என்ற சொல்லில் நாம் விடும் பிழைகள்

களுவாஞ்சிகுடியில் பிள்ளைகளுக்கு வர்த்தகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சில்லறைக் காசேடு, காசுக் கழிவு என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "கேஷ் எண்டுறது நம்மட காசுதானே சேர்?"

இல்லை. ஒலியும் பொருளும் இப்படி ஒட்டி நிற்கும்போது நம்பாமல் இருப்பது கஷ்டந்தான். ஆனால் கடையில் எண்ணிக் கொடுக்கிறோமே, அந்தக் கேஷ் ஒரு பெட்டி. லத்தீனில் கப்சா, இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ், எல்லாம் பெட்டிதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் காசு போடும் பெட்டிக்கே அந்தப் பேர். பிறகுதான் பெட்டி மறைந்து, உள்ளே கிடந்தது மட்டும் பொருளாக நின்றது.

நம்முடைய காசும் ஆங்கிலத்துக்குப் போனது, வேறு வாசலால். போர்த்துக்கேயர் அதைக் கைஷா என்றார்கள். அவர்களுக்குப் பெட்டியும் கைஷாதான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்த வழியில் வந்த கேஷ், ஒரு சின்ன நாணயத்தின் பேர். பழைய மதராசில் 80 கேஷ் சேர்ந்தால் பணம் என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற நாணயம் ஒன்று. நடுவில் ஓட்டையுள்ள சீன நாணயத்தை ஆங்கிலத்தில் கேஷ் என்பதும் இந்தச் சொல்லால்தான். சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்றே ஒன்று வருகிறது. அவ்வளவு பழைய சொல் நம்முடையது. எல்லாக் கேஷும் எங்களது என்று அடித்துப் பேசும் பிள்ளைக்கு, சீனம் வரை போன அந்தக் காசு தெரியாமலே போகிறது. எனக்கு அதுதான் மனவருத்தம்.

கஜுவின் ஆங்கிலப் பேரான 'கேஷ்யூ'வையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல். போனில் 'கிளியர் கேஷ்' என்று வருவதும் வேறு, எழுத்தே வேறு. பிரெஞ்சில் ஒளித்துவைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வங்கி ஆப்பில் அதை அழுத்தினால் கணக்கில் உள்ள காசு குறையாது.

ஆங்கிலத்தில் எழுதும்போது, பண அர்த்தத்தில் 'கேஷஸ்' என்று பன்மை போடக்கூடாது; முன்னால் 'எ' சேர்க்கவும் கூடாது.

பெரிய பிழை காசோலையில் நடக்கிறது. பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற ஒருவர், போன வருஷம் தனக்கு வந்த காசோலையை என்னிடம் காட்டினார். பேர் எழுதும் இடத்தில் 'கேஷ்' என்று மட்டும் இருந்தது, கையில் காசாகக் கொடுக்காமல் கணக்கில் மட்டும் போடச் சொல்லும் குறுக்குக்கோடு இல்லை. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். அது வழியில் விழுந்திருந்தால், எடுத்தவர் வங்கியில் நீட்டி மாற்றியிருக்கலாம். ஆளின் பேரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். இடது மேல்மூலையில் இரண்டு கோடும் போடச் சொல்லுங்கள்.