சுப்ஹு தொழுகை: புதிதாகத் தொழ வருபவர்கள் தவறும் இடங்கள்

தொழுகைக்குப் புதிதாக வருபவர்களோடு உட்காரும்போது, சுப்ஹு என்னும் வைகறைத் தொழுகையில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த பிழைகளே அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. இரவு நெடுநேரம் விழித்திருக்காதீர்கள், அலாரத்தைத் தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடிந்தபின் விழித்துவிட்டு, லுஹரோடு (நண்பகல் தொழுகையோடு) சேர்த்துக்கொள்வது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு தம்பி காலை எட்டு மணிக்குப் பேசினார். "சுப்ஹு போயிடுச்சு பாய், லுஹரோட களா செஞ்சுக்கறேன்" என்றார். (களா என்றால் நேரம் தவறிய தொழுகையைப் பின்னர் தொழுவது.) எழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முகம் கழுவி, போனில் பாதி உலகத்தைச் சுற்றி வந்தபிறகுதான் இந்தப் பேச்சு.

தூங்கிப்போனதில் குற்றமில்லை, விழித்த பிறகு தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. தூங்கிவிட்டவரும் மறந்துவிட்டவரும் நினைவு வந்ததும் தொழ வேண்டும், அதற்கு வேறு பரிகாரமில்லை என்பது நபிமொழி. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களுக்கும் தோழர்களுக்குமே இது நடந்திருக்கிறது. எழுப்பிவிடும் பொறுப்பை ஏற்ற பிலால் (ரலி) தம் ஒட்டகத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார். வெயில் சுட்டுத்தான் எல்லாரும் எழுந்தார்கள். அந்த இடத்தைவிட்டுச் சற்று நகர்ந்து, உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்து, பிலால் இகாமத் (தொழுகை தொடங்குவதற்கான அழைப்பு) சொல்ல, ஜமாஅத்தாகவே (கூட்டாகவே) தொழுதார்கள். லுஹர்வரை யார் காத்திருந்தார்கள்?

சரி, சூரியன் உதித்துக்கொண்டிருக்கும்போதே விழித்தால்? ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அது ஓர் ஈட்டி உயரம் எழும்வரை, சுமார் 15, 20 நிமிடம், பொறுக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் அந்தக் காத்திருப்பும் இல்லை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். லுஹருக்குள் வேலை வந்துவிடும், அஸருக்குள் (மாலைத் தொழுகைக்குள்) மறந்துவிடும், அப்புறம் விட்டது எத்தனை என்று விரல் விட்டு எண்ண வேண்டியதுதான்.

பாங்கு ஆப் சொன்னால் போதும் என்று நினைப்பது

ஒரு ஆப் வைகறையைச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும் நேரமாகக் கணக்கிடும், இன்னொன்று 15 பாகையில். இந்த மூன்று பாகைக்குக் குறைந்தது 12 நிமிட வித்தியாசம் வரும். வடக்கே போகப்போக இன்னும் கூடும். வக்து (தொழுகை நேரம்) நுழையும் முன்னால் தொழுதால் அது சுப்ஹாகாது. அமைப்புகளுக்குள் போய், உங்கள் பள்ளிவாசல் பின்பற்றும் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கண் விழித்ததும் போனைத் தேடுவது

தூங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுப் போடுகிறான். அல்லாஹ்வை நினைத்தால் ஒன்றும், உளூ செய்தால் அடுத்ததும், தொழுதால் மூன்றாவதும் அவிழும் என்று ஹதீஸில் வருகிறது. முதல் முடிச்சுக்குப் படுக்கையைவிட்டு இறங்கக்கூட வேண்டாம். எழுந்ததும் ஓதும் துஆ இன்னும் மனப்பாடமாகவில்லையா? "அல்ஹம்துலில்லாஹ்" என்றாவது சொல்லுங்கள்.

தூங்கி எழுந்து, கழுவாத கையை உளூ நீர்ப் பாத்திரத்தில் விடுவது

முதலில் மூன்று முறை கையைக் கழுவுங்கள்.

சூரியன் உதிக்கப்போகிறது, இன்னும் சுன்னத்தில் (கட்டாயமல்லாத நபிவழித் தொழுகையில்) நிற்பது

ஃபர்ளை, அதாவது கட்டாயத் தொழுகையை, தொழுங்கள்.