குவீனின் '39' பாடலைப் பொருள் பிசகாமல் கேட்பது எப்படி?

குவீன் இசைக்குழு 1975-இல் வெளியிட்ட 'எ நைட் அட் தி ஓபரா' தொகுப்பின் ஐந்தாம் பாடல் '39'. அக்கூஸ்டிக் கிதாரும் ஜான் டீக்கன் வாசித்த டபுள் பாஸும் துள்ளலான மெட்டும் சேர்ந்து பழைய மாலுமிப் பாட்டின் சாயலைத் தருவதால், 1939-இல் போருக்குப் புறப்பட்ட தொண்டர்களைப் பற்றியது இது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில், ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் விண்கலத்தில் புதிய உலகைத் தேடிப் போய்த் திரும்பும் ஒருவனின் கதை இது. எழுதிப் பாடியவர் கிதார் கலைஞர் பிரையன் மே. இசைக்காக நிறுத்திவைத்த வானியற்பியல் ஆய்வை மீண்டும் தொடர்ந்து, 2007-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். எனவே இந்தப் பாடலில் வரும் காலக் குறிப்புகளை அலங்காரம் என்று ஒதுக்காமல், சொன்னபடியே எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில், காது செய்யும் பிழையையும் கருத்தில் நேரும் பிழையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்டன் ஜானின் 'ராக்கெட் மேன்' (1972) பாடலில், பெர்னி டாபின் எழுதிய பல்லவி வரியொன்றின் சொற்கள் நீட்டிப் பாடப்படும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அதை ஆளுக்கொரு விதமாகக் கேட்டவர்கள் ஏராளம். இத்தகைய பிழைக்குக் காரணம் ஒலிதான். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெல்லிய மெய்யொலிகள், டிரம்ஸின் சிம்பல் ஓசை நிறைந்திருக்கும் அதே உயர் அலைவரிசைகளில் அமைந்திருப்பதால் எளிதில் அமுங்கிவிடுகின்றன. ஹெட்போன் அணிந்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை உயர்த்திக் கேட்டால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும். '39' பாடலிலோ சொற்கள் ஓரளவு தெளிவாகவே விழுகின்றன. இங்கே பிசகுவது கருத்து.

ஆகவே, வரிகளை ஒரு தாளில் எழுதி, காலத்தைக் குறிக்கும் சொற்களின் கீழெல்லாம் கோடிடுங்கள். தொண்டர்கள் கூடிப் புறப்படுவது முப்பத்தொன்பதாம் ஆண்டு என்று தொடக்கத்தில் வருகிறது; கலம் திரும்பி வருவதும் முப்பத்தொன்பதாம் ஆண்டு என்றே பின்னர் வருகிறது. இடையில் நெடுங்காலம் கழிந்துவிட்டதாகவும், தனக்கு மட்டும் ஒரு வயதே கூடியிருப்பதாகவும் பயணி சொல்கிறான். இரண்டும் ஒரே ஆண்டாக இருக்க முடியாது என்றால், நூற்றாண்டு எண்ணைப் பாடல் சொல்லாமல் விட்டிருக்கிறது என்றுதான் பொருள். இடைவெளி 100 ஆண்டுகள் என்று கொண்டால் எல்லா வரிகளும் பொருந்திவிடுகின்றன. இந்தப் பாடலின் பூட்டைத் திறக்கும் சாவி இந்த ஒரு கணக்குதான் என்பேன்.

கணக்கை இயற்பியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினமில்லை. ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின்படி, வேகம் கூடக் கூடப் பயணியின் கடிகாரம் பூமியின் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும். பூமியில் 100 ஆண்டுகள் கழியும்போது கலத்தில் ஓராண்டு மட்டும் கழிய வேண்டுமானால், அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 99.995 விழுக்காட்டில் சென்றிருக்க வேண்டும். போகவும் வரவும் அந்த 100 ஆண்டுகளே ஆனதால், அவர்கள் கண்டடைந்த உலகம் பூமியிலிருந்து 50 ஒளியாண்டுகளுக்குள் (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) இருந்திருக்க வேண்டும்.

இப்போது பல்லவிக்கு வாருங்கள். பேரப்பிள்ளைகள் அறிந்திருந்த நிலத்தில் உன் கையைப் பற்றுவேன் என்று அவன் மனைவிக்குச் சொல்கிறான். பேரப்பிள்ளைகளின் வாழ்வு இறந்தகாலத்தில் சொல்லப்படுவதை எழுத்துப் பிழை என்று கருதுவோர் உண்டு. அவன் திரும்பும்போது அந்தப் பேரப்பிள்ளைகளின் காலமும் கடந்திருக்கும் என்பதால், இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. பால் நிறக் கடல்களைக் கடந்தார்கள் என்ற வரியையும் பால்வீதி என்று கொண்டால் மாலுமிக் கதை கலைந்துவிடும்.

கடைசிப் பகுதியை அவசரமின்றிக் கேளுங்கள். புதிய உலகைக் கண்ட நற்செய்தியோடு வந்தவனின் எதிரே நிற்பவளின் கண்களில் அவள் தாயின் கண்கள் தெரிகின்றன. அந்தத் தாய் அவன் விட்டுச்சென்ற மனைவி என்று கொள்வதுண்டு. ஆனால் நூறாண்டுக் கணக்கின்படி, அவன் புறப்படும் முன் பிறந்த மகள் நூறு வயதைத் தாண்டியிருப்பாள். அதனால் 'தாய்' என்பதை மூதாதை என்று விரித்து, அவளைப் பிற்காலச் சந்ததியாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. மனைவி இல்லை, அவனுடைய வாழ்நாளோ இன்னும் மீதமிருக்கிறது; பாடலின் முடிவில் அவன் இரக்கம் கேட்பது இதற்காகத்தான்.

பொருள் பிடிபட்ட பிறகு, 1979-இல் வெளிவந்த 'லைவ் கில்லர்ஸ்' மேடைப் பதிவையும் கேளுங்கள். அங்கே முதன்மைக் குரல் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியுடையது என்பதால் அழுத்தங்கள் இடம் மாறி விழுகின்றன. முதல் பதிவில் காதுக்குத் தப்பிய ஓரிரு சொற்கள் அதில் அகப்படக்கூடும்.