நாள்பட்ட அரிப்பு: "சொறியாதே" என்பதில் தொடங்கும் தவறுகள்

ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட அரிப்பு. அப்படி அவதிப்படுகிறவர் வீட்டில் ஓயாமல் கேட்பது "சொறியாதே" என்ற அதட்டல்தான். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அதைக் கேட்டதும் கவனம் முழுக்க அந்த இடத்துக்கே போய்விடும், அரிப்பு கூடும், கை தானாகப் போகும், அப்புறம் குற்ற உணர்வு வேறு. அடுத்தவர் சொறிவதைப் பார்த்தாலே நமக்கும் அரிக்கிறதே, கவனத்துக்கு அவ்வளவு வலு.

சொறிந்தால் சுகமாக இருப்பதும் உண்மைதான். சொறியும்போது வரும் லேசான வலி, தண்டுவடத்திலேயே அரிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அடக்கிவிடுகிறது. ஆனால் நகம் பட்ட தோல் அழன்று, பிடரியிலும் கணுக்காலிலும் கருத்துத் தடித்துப் போகும், பிறகு அந்தத் தடிப்பே அரிக்கும். சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்வதும் அப்படித்தான், அப்போதைக்கு இதம், தோல் காய்ந்ததும் இரட்டிப்பாக வரும். கைக்கு வேறு வேலை கொடுங்கள்: முஷ்டியை அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள், பிறகு அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி போடுங்கள். பழகப் பழகத்தான் வரும், ஆனால் வரும்.

"எல்லாம் மனசுதான்" என்று ஒதுக்குவது இன்னும் மோசம். கவலையும் தூக்கக் கேடும் அரிப்பைக் கூட்டும், அதற்காக அரிப்பு பொய்யாகிவிடாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று உள்ளே ஏதாவது இருக்கலாம். தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள்.

செட்ரிசினை மாதக்கணக்கில் விழுங்குவதும் பலர் செய்கிற தவறு. அது, அலர்ஜியின்போது உடம்பில் சுரந்து அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் மாத்திரை, திட்டுத்திட்டாக வீங்கி மறையும் தடிப்புக்கு நன்றாகக் கேட்கும். நாள்பட்ட அரிப்பில் பெரும்பாலும் வேறு நரம்பு வழிகள்தான் வேலை செய்கின்றன, அதனால்தான் சிலருக்கு டாக்டர் காபாபென்டின் போன்ற நரம்பு மருந்தை எழுதுகிறார். அதைப் பார்த்து "எனக்கு எதற்கு நரம்பு மாத்திரை" என்று பயந்து பாதியில் விடவேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம், படர்தாமரையாக இருந்தால் அது அடங்கின மாதிரி இருந்து பரவிவிடும்.

டாக்டரிடம் போகும்போது, மனநோய் என்று சொல்லிவிடுவாரோ என்று தூக்கமின்மையையும் மன அழுத்தத்தையும் மறைக்காதீர்கள். எந்த நேரத்தில், எந்தச் சூழலில் அரிப்பு கூடுகிறது என்று குறித்துவைத்துக் காட்டுங்கள். களிம்போடு மனநல ஆலோசனையும் எழுதினால், இரண்டையும் சேர்த்தே தொடருங்கள்.