மளிகைக் காசு 20ஆம் தேதியிலேயே தீர்வது ஏன்? நாம் செய்கிற தவறுகள்

மாதம் 3ஆம் தேதி மளிகை வாங்கி டப்பாக்களை நிரப்பிவிட்டால் அந்த மாதத்துச் செலவு முடிந்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். பில் 5,800 ரூபாய் வரும். ஆனாலும் 20ஆம் தேதி தாண்டினால் கையைக் கடிக்கும். கடைசியில், ஒரே ஒரு மாதம், சாப்பிடுகிற பொருள் எதை வாங்கினாலும் 40 பக்க நோட்டில் எழுதிவைப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால், பால், காய்கறி, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டே 8,700 ரூபாய் வந்தது. நடுவில் 23 தடவை கடைக்குப் போயிருந்தோம்.

முதல் தவறு இதுதான்: மாதத் தொடக்கத்தில் வருகிற பில்லையே பட்ஜெட் என்று நம்புவது. பட்டியல் போட்டு வாங்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். ஒரு தேங்காய் வாங்கப் போகும்போதுதான் கவனம் தப்புகிறது. எங்கள் நோட்டில் ஒரு வரி, ‘தேங்காய் 35’. அதற்குக் கீழேயே ரஸ்க், சிப்ஸ், சாக்லேட், ‘மொத்தம் 140’. இப்படி 23 தடவை என்றால் 2,900 ரூபாய் போனதில் ஆச்சரியம் இல்லை. போனில் ஸ்கேன் செய்து கொடுக்கும்போது காசு குறைவது கண்ணுக்கும் தெரிவதில்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகளில் இது இன்னும் மோசம். கொத்தமல்லிக் கட்டு ஒன்றுதான் வேண்டும், ஆனால் டெலிவரி கட்டணம் இல்லாமல் வர வேண்டுமானால் இன்னும் நூறு ரூபாய்க்குச் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்துவிடுகிறோம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி பழையதுதான். நம் பாட்டிமார்கள் கடுகு டப்பாவில் காசு வைத்த மாதிரி, நடுவில் வாங்குகிற பொருளுக்கென்று 1,200 ரூபாயை ரொக்கமாக எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறோம். கடைக்குப் போவது புதனும் சனியும் மட்டும். இடையில் தீர்ந்த சாமானைக் காலண்டர் தாளில் எழுதி வைப்போம். உப்பு தீர்ந்தால் உடனே ஓட வேண்டும்தான், ஆனால் வருடத்தில் எத்தனை முறை உப்பு தீர்ந்துபோகிறது?

2022-23இல் மத்திய அரசு எடுத்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது, எங்கள் நோட்டும் அதே கதையைத்தான் சொல்கிறது என்று பட்டது. நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் தானியங்களுக்குப் போவது 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்கள், நொறுக்குத் தீனி, பாக்கெட் உணவு, வெளியில் வாங்கும் சமைத்த சாப்பாடு இவற்றுக்குப் போவது 10 சதவீதத்துக்கும் மேல். நாம் அரிசியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். பிஸ்கட்டில் போகிற காசை எண்ணுவதே இல்லை. பிள்ளைகளுக்குத் தீனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவள் இப்போது 20 ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டா, நான்கு கடலை மிட்டாயா என்று அவளே கணக்குப் போடுகிறாள்.

அடுத்த தவறு, வீட்டு அளவு தெரியாமல் பட்டியல் எழுதுவது. போன மாதப் பட்டியலை அப்படியே எழுதினால் போன மாதத் தவறும் சேர்ந்தே வரும். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றே அதன் மேல் தேதியை எழுதுங்கள். இரண்டு மாதம் செய்தாலே போதும், எது எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்துவிடும். ரைஸ் குக்கரோடு வருகிற கப்பில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். வேளைக்கு இரண்டு கப், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் 600 கிராம், மாதத்துக்கு 18 கிலோ. இந்த வீட்டில் மாதா மாதம் 26 கிலோ மூட்டை இறக்கினால் மூன்றாம் மாதம் அரிசியில் வண்டு வராமல் என்ன செய்யும்? எண்ணெய்க்கு, ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். நாங்கள் மூன்றரை வாங்கிக்கொண்டிருந்தோம். அதைக் குறைத்ததில் காசும் மிச்சம், கணவரின் கொழுப்பு அளவுக்கும் நல்லது.

பாக்கெட்டின் விலையை மட்டும் பார்த்து எடையைப் பார்க்காமல் விடுவதை எல்லோரும் செய்கிறோம். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். ஆனால் அலமாரியில் அதே உயரத்தில், அதே நிறத்தில் 850 கிராம் பாக்கெட்டும் இருக்கும், 800 கிராமும் இருக்கும். உதாரணத்துக்கு, 910 கிராம் 155 ரூபாய், 850 கிராம் 148 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7 ரூபாய் குறைவு என்று இரண்டாவதை எடுப்போம். கணக்குப் போட்டால் முதலாவது கிராமுக்கு 17 காசு, இரண்டாவது 17.4 காசு. குறைந்த விலை என்று எடுத்ததுதான் கூடுதல் விலை! இப்போது எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும், ஆனால் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் சரியில்லை. ஷாம்பு மாதிரி சில பொருள்களில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேதான் மில்லிக்கு மலிவாக வரும்.

அரிசி மூட்டை ஏன் 25 இல்லாமல் 26 கிலோ என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி அடைத்த 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதைத் தாண்டினால் இல்லை. அண்ணாச்சி கடையில் சாக்கிலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிற பருப்புக்கும் இல்லை. அதனால் பளபளப்பான ஒரு கிலோ பாக்கெட்டை எடுக்கும் முன், சில்லறையாக என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தூசி, கல் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்தும் வாங்கலாம்.

ரேஷனைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம், அதோடு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு நூறைத் தாண்டி விற்கிறது. ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையா, இட்லிக்கு ஊறப் போடுங்கள். பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு கலந்தால் மாவு நன்றாகவே வரும். ஒன்று, மாதக் கடைசி வரை தள்ளிப் போடக் கூடாது. அப்போது போனால் ‘பருப்பு தீர்ந்துடுச்சும்மா’ என்ற பதில்தான் கிடைக்கும்.

காய்கறிக்கு நாங்கள் மதுரையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறோம். தமிழ்நாட்டில் உழவர் சந்தை தொடங்கியதே அங்கேதான், 1999 நவம்பர் 14 அன்று. விவசாயிகள் நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் இருக்கும், அதற்கு மேல் கேட்க முடியாது. அங்கே நாம் செய்கிற தவறு, மலிவாக இருக்கிறதே என்று பை கொள்ளாமல் அள்ளி வருவது. வியாழக்கிழமை அழுகின முள்ளங்கியைக் குப்பையில் போடும்போது அது மலிவில்லை. இன்னொன்று, விலை ஏறினாலும் அதே காயைப் பிடித்துக்கொண்டிருப்பது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது நாங்கள் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று மூன்று வாரம் ஓட்டினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

வருடச் சாமான் வாங்கும் பழக்கம் குறைந்துவிட்டது, அதுவும் ஒரு நஷ்டம்தான். தையில் புதுத் துவரை வரும், மாசி பங்குனியில் புதுப் புளியும் மிளகாயும் வரும். புளியை அப்போதே வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் உப்புப் போட்டு வைத்தால் அடுத்த பங்குனி வரை வரும். ஆனால் ரவை, மைதா, கடலை மாவை மொத்தமாக வாங்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அவை தாங்காது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதை அறுக்கிற தவறு ஒன்று உண்டு. காசு இடிக்கும்போது நாம் எதைக் குறைக்கிறோம்? பிஸ்கட்டும் கூல் டிரிங்கும் அப்படியே இருக்கும். முட்டை, பருப்பு, பால் குறையும். அதிலும் வீட்டுப் பெண்ணின் பங்கில்தான் குறையும். சாம்பார் தண்ணீராகும். நான்கு முட்டையில் மூன்றுதான் தட்டுக்கு வரும், ‘எனக்கு வேண்டாம், பிடிக்கலை’ என்று அம்மா சொல்லிவிடுவாள். நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. அதன் பிறகு மாத்திரைக்கும் டாக்டருக்கும் செலவழித்த பணத்துக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கியிருக்கலாம். இப்போது பட்டியல் எழுதும்போது நான்கு பேருக்கான முட்டை, பருப்பு, பால், கீரையை முதலில் எழுதிவிட்டு, மீதி இருப்பதில்தான் மற்றதெல்லாம். கை இடித்தால் பட்டியலின் அடியிலிருந்து வெட்டுகிறோம்.

அப்புறம், எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. பட்டியல் எழுத உட்காரும் முன் காலண்டரைப் பாருங்கள். ஐந்து ஞாயிறு வருகிறதா? அப்படியானால் கறிக்கு ஒரு வாரம் கூடுதல். புரட்டாசி என்றால் கறிச் செலவு இல்லை, ஆனால் காய் விலை ஏறியிருக்கும். தீபாவளிக்கு எண்ணெயும் கடலை மாவும், பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத் தீனியும் தனி. நாங்கள் இதற்கென்று மாதம் 300 ரூபாயை அதே டப்பாவில் ஒரு கவரில் போட்டு வைக்கிறோம். செலவாகாத மாதம் அது அப்படியே அடுத்த மாதக் கவருக்குப் போகும். இந்தத் தடவை அதில் 900 ரூபாய் சேர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் நாத்தனார் குடும்பம் வருகிறார்கள்.