வாலாட்டினால் சந்தோஷம் என்று அர்த்தமில்லை

"வாலாட்டுது பாரு, ஒண்ணும் பண்ணாது, தொடு" என்று குழந்தையை நாயின் பக்கம் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். வால் ஆடினால் நாய் உள்ளுக்குள் பரபரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அது சந்தோஷமா, பயமா, கோபமா என்பதை மீதி உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடுப்போடு சேர்ந்து நெளிந்து, வாலைத் தளர்வாக, அகலமாக வீசினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் கம்பு மாதிரி நிமிர்ந்து, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் கிட்டேயே போகாதீர்கள். கால் இடுக்கில் தாழ்த்தி ஆட்டினால் அது பயம். 2007-இல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துப் பார்த்தபோது, வளர்த்தவரைக் கண்டதும் வாலை வலப்பக்கமும், முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டதும் இடப்பக்கமும் அதிகமாக வீசின. வீட்டில் இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், உடம்பு விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அப்புறம், நம் தெருநாய்கள் பலவற்றுக்கு வால் எப்போதும் மேலே சுருண்டுதான் இருக்கும், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த தவறு கட்டிப்பிடிப்பது. ஒரு பொங்கலன்று உறவினர் வீட்டில் ஐந்து வயதுப் பையன் லாப்ரடாரின் கழுத்தை இறுக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறான், எல்லோரும் "எவ்வளவு பாசம்" என்கிறார்கள். நாயோ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காதைப் பின்னால் மடித்து, சாப்பாடே இல்லாமல் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. "விடுங்க" என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது. பையனை மெதுவாக விலக்கினேன், உடனே நனைந்த நாய் போல உடம்பை உதறிக்கொண்டது. தூக்கக் கலக்கம் இல்லாத நேரத்தில் நாய் விடும் கொட்டாவியும் பல நேரம் இதே ரகம்தான்.

நாய் வளர்த்துப் பழகியவர்கள் பூனையையும் நாயாகவே படிக்கிறார்கள். பூனை வாலை வேகமாக அடித்தால் எரிச்சலில் இருக்கிறது, கையை எடுத்துவிடுங்கள். வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியைக் கேள்விக்குறி போல லேசாக வளைத்து உங்களிடம் வந்தால் அதுதான் பூனையின் "வந்துட்டியா!"

மல்லாந்து வயிற்றைக் காட்டினால் உங்களை நம்புகிறது, ஆனால் வயிற்றைத் தடவச் சொல்லவில்லை. தடவப் போய் நகக்கீறல் வாங்கிவிட்டுப் பூனையைத் திட்டுவது நியாயமே இல்லை.

குர்ர்ர் சத்தத்தையும் முழுசாக நம்பாதீர்கள். மடியில் கண் சொருகிப் படுத்து, முன்னங்காலால் மாவு பிசைவது போலப் பிசைந்துகொண்டே குர்ரென்றால் சுகமாக இருக்கிறது. ஆனால் வலியிலும், குட்டி போடும்போதும்கூடப் பூனை அதே சத்தத்தை எழுப்பும். சாப்பிடாமல், கட்டிலுக்கடியில் ஒடுங்கிப் படுத்துக் குர்ரென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பூனையை உற்றுப் பார்ப்பதும் வேண்டாம், அதற்கு அது மிரட்டல். கண்ணைப் பாதி மூடி மெதுவாக இமையுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர்கள் இப்படி இமைத்தபோது பூனைகளும் திருப்பி இமைத்தன, புதிய ஆள் இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோதும் நெருங்கி வந்தன.

நாயோ பூனையோ, சந்தேகமாக இருந்தால் நான் செய்வது இதுதான்: மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். தலையால் முட்டினால், ஒட்டிக்கொண்டு சாய்ந்தால் தொடரலாம். அப்படியே உறைந்து நின்றாலோ நகர்ந்து போனாலோ, சரி, இன்றைக்கு வேண்டாம்.