பல உலாவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் பெட்டகம்
குரோமில் சேமித்த கடவுச்சொல் பயர்பாக்ஸில் தானாக வந்து நிற்காது. ஒவ்வொன்றும் தன் சேமிப்பைத் தனியாகவே வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று உலாவிகளைப் பயன்படுத்துவோர், அவற்றுள் ஒன்றை மட்டும் முதன்மைப் பெட்டகமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றின் அமைப்புகளில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. இல்லையெனில், ஓரிடத்தில் மாற்றிய கடவுச்சொல்லின் பழைய வடிவம் வேறோர் இடத்தில் அப்படியே கிடந்து, உள்நுழையும்போது குழப்பத்தை உண்டாக்கும்.

ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றை இடம் மாற்ற, கடவுச்சொல் அமைப்புகளில் உள்ள ஏற்றுமதி வசதியின் மூலம் கிடைக்கும் சிஎஸ்வி (அட்டவணை வடிவிலான எளிய உரை) கோப்பை முதன்மை உலாவியில் இறக்குமதி செய்யலாம். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை: தள முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றும் அந்தக் கோப்பில் எந்தக் குறியாக்கமும் இன்றி, நோட்பேடில் திறந்தாலே எவரும் படிக்கும்படி இருக்கும். எனவே அதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாமல், வேலை முடிந்த உடனே நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும். பதிவிறக்கக் கோப்புறை தானாகவே கிளவுடில் நகலெடுக்கப்படுகிறதா என்பதையும் (பலர் இதை மறந்துவிடுகிறார்கள்) முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐபோனையும் விண்டோஸ் கணினியையும் சேர்த்துப் பயன்படுத்துவோர், ஐபோனின் ஐகிளவுடில் சேமித்த கடவுச்சொற்களுக்கு இந்த இடமாற்றமே தேவைப்படாது; கணினியில் ஆப்பிளின் விண்டோஸுக்கான ஐகிளவுட் செயலியையும், குரோமிலோ எட்ஜிலோ ஐகிளவுட் பாஸ்வேர்ட்ஸ் நீட்சியையும் (உலாவியில் சேர்க்கும் கூடுதல் நிரல்) நிறுவிக்கொண்டால் போதும். பாஸ்கீகள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டால் உள்நுழைய உதவும் சாவிகள்) மட்டும் சிஎஸ்வி கோப்பில் வாரா. அவற்றை அந்தந்தத் தளத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.