டாக்டர் அறையில் கிடைக்கிற சில நிமிடங்களை வீணாக்காமல் பேசுவது எப்படி

அப்பாவை முழங்கால் வலிக்காக டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், மாத்திரை எழுதினார், சீட்டை வாங்கிக்கொண்டு நாங்கள் எழுந்தும் விட்டோம். கதவில் கை வைத்த பிறகுதான் அப்பா திரும்பி, "படி ஏறினா நெஞ்சு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குது சார், வயசாச்சுன்னா அப்படித்தானே?" என்று கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்ப உட்காரச் சொன்னார், உடனே ஈசிஜி எடுக்க அனுப்பினார். அந்த ஒரு வரி முதலிலேயே வந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு டாக்டரைப் பார்க்கப் போனாலும் தயார் செய்துகொண்டுதான் போகிறோம்.

நேரம் நிஜமாகவே குறைவுதான். 67 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2017-இல் வந்த ஓர் ஆய்வில், முதலில் போய்ப் பார்க்கிற பொது மருத்துவர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் சராசரி நேரம் பங்களாதேஷில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். உலக மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வாழ்கிற 18 நாடுகளில் அது 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். இதில் முதலில் அடிபடுவது நோயாளி சொல்கிற கதை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அதிகம் உதவுவதும் அதுதான்: 1975-இல் பிரிட்டனில் 80 புது நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், 66 பேருக்கு, அவர்களை அங்கே அனுப்பி வைத்த டாக்டரின் கடிதத்தையும் அவர்களே சொன்னதையும் வைத்து முடிவு செய்த நோயே கடைசிவரை சரியாக இருந்தது. உடலைத் தொட்டுப் பார்ப்பதற்கும் டெஸ்ட் எடுப்பதற்கும் முன்பே!

அமெரிக்காவில் 2023-இல் வந்த ஓர் ஆய்வு, சந்திப்பு குறுகக் குறுக சளி, இருமலுக்குத் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் எழுதுவது கூடுகிறது என்று காட்டியது. ஆனால் முதியவர்களுக்கு ஒத்துவராத மருந்துகளை எழுதுவது குறுகிய சந்திப்புகளில் அதிகமாக இல்லை. அதனால் நேரம் நீண்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்குள் என்ன பேசப்படுகிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

சரி, என்ன செய்யலாம்? முந்தின நாளே ஒரு தாளில் எழுதுங்கள், எதுவெல்லாம் தொந்தரவு, அதில் எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று. பயமுறுத்துவதுதான் முதலில் வர வேண்டும். சொல்லக் கூச்சமாக இருப்பதும் (மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி, தூங்க முடியாத அளவு மனக்கஷ்டம்) அப்படித்தான், ஏனென்றால் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். உள்ளே போனதும் "மூணு விஷயம் இருக்கு டாக்டர், முக்கியமானது இது" என்று ஆரம்பியுங்கள். மூன்றுக்கும் நேரம் இல்லையென்றால், எது காத்திருக்கலாம் என்று அவரே சொல்வார்.

அப்புறம் அந்த முக்கியமான விஷயத்தைத் தேதியோடு சொல்லுங்கள். "ரொம்ப நாளா வயித்து வலி" என்பதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது. "மூணு வாரமா, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே, ராத்திரியில எழுப்பி விடுது, எடையும் குறைஞ்சிருக்கு" என்றால் அரை நிமிடத்தில் அவருக்கு வழி தெரிந்துவிடும்.

டாக்டர் நடுவில் குறுக்கிட்டால் விட்டுவிடாதீர்கள். 1984-இல் அமெரிக்காவில் பதிவு செய்து பார்த்ததில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் இடைமறித்திருந்தார். ஆனால் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் பேச விட்டுப் பார்த்தபோது, நோயாளிகள் தாங்களே பேசி முடிக்கச் சராசரியாக ஆனது 92 விநாடி, அவ்வளவுதான். அதனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, "இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சிடறேன்" என்று தொடருங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முயற்சி செய்யாமல், அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, சத்து மாத்திரை உட்பட. நிறுத்திவிட்ட மாத்திரை இருந்தால் ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் அரை நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள். டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக நிற்கிறது. "இந்த மாத்திரை காலையில வெறும் வயித்துல, அது ராத்திரி, அஞ்சு நாளு, சரியா டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, என்ன ஆனால் மறுபடி வரும் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. வயதானவர்களோடு யாராவது ஒருவர் போய் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

பேச நிறைய இருக்கிறது என்று தெரிந்தால், நேரம் வாங்கும்போதே இரண்டு பேருக்கான நேரம் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் தருவார்கள். முடிந்தவரை ஒரே டாக்டரிடம் போங்கள், உங்களை முன்பே தெரிந்தவருக்குப் பழைய கதையை முதலிலிருந்து சொல்லி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதைப் பற்றிய 22 ஆய்வுகளை 2018-இல் சேர்த்துப் பார்த்தபோது, 18-இல் அப்படித் தொடர்ந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் பேசி முடிப்பதற்குள் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர் என்றால் தயங்காமல் மாற்றுங்கள், மாற்றும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.